மரத்தை இட்லி மாதிரி அவித்த மனுஷன்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கட்டுரை எழுதக் காரணம், எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல உடைஞ்ச ஏழு ரீப்பர் கட்டைகள். மரத்தை நீராவில அவிச்சு வளைக்கணும், அவ்வளவுதான் ப்ளான். ஒரு பழைய இட்லி குண்டான், ஒரு இரும்புக் குழாய், ஒரு கேஸ் அடுப்பு. 12 மில்லிமீட்டர் தடிமன் கட்டையை ஒரு மணி நேரம் அவிச்சு, ஒரு பைக் வீல் ரிம் மேல வச்சு வளைச்சோம். டப். வெளிப்பக்கம் சிலாம்பு சிலாம்பா பிளந்துடுச்சு. அடுத்தது. டப். ஏழாவது கட்டைக்கு அப்புறம் ப்ராஜெக்ட் டைட்டிலையே மாத்திடலாமான்னு பேச ஆரம்பிச்சோம்.

அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு மைக்கேல் டோனெட் அறிமுகம். ஆள் செத்து நூத்தைம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

பேர் தெரியாட்டியும் அவரோட சேரை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பழைய கஃபே ஃபோட்டோக்கள்ல வருமே: முதுகுப் பக்கம் ஒரு வளைவு, அதுக்குள்ள இன்னொரு வளைவு, வட்டமா ஒரு சீட், சீட்ல பிரம்புப் பின்னல். ரொம்ப சிம்பிள். மும்பையோட பழைய இரானி கஃபேக்கள்ல இருக்கிற மர நாற்காலிகள்கூட அந்தக் குடும்பம்தான். முதுகு வளைவும் பின்னங்கால் ரெண்டும் தனித்தனி இல்ல, ஒரே கம்பு. கீழே ஆரம்பிச்சு, மேல ஏறி, திரும்பி, மறுபடி கீழே வருது. மரத்துல அதைச் செய்யறது எவ்வளவு கஷ்டம்னு ஏழு கட்டை உடைச்சவனுக்குத்தான் தெரியும்.

டோனெட் பிறந்தது 1796 ஜூலை 2, ஜெர்மனியில ரைன் நதிக்கரையில இருக்கிற போப்பார்ட்ங்கிற சின்ன ஊர்ல. அப்பா தோல் பதனிடுறவர். மகன் தச்சு வேலை கத்துக்கிட்டார். 1819ல சொந்தப் பட்டறை, அடுத்த வருஷம் கல்யாணம். அந்தக் காலத்து மரச்சாமான் வேலையில நல்ல பேர். இதோட நின்னிருந்தா அவரைப் பத்தி எழுத எதுவும் இருந்திருக்காது.

அப்போ ஒரு வளைந்த நாற்காலிக் கால் வேணும்னா என்ன பண்ணுவாங்க? பெரிய பலகையை எடுத்து அந்த வடிவத்துல அறுப்பாங்க. இதுல ரெண்டு நஷ்டம். ஒண்ணு, பாதி மரம் தூளாப் போகும். இன்னொண்ணு இன்னும் மோசம். மரத்தோட நார் நேரா ஓடுது, வெட்டு வளைஞ்சு போகுது; அதனால வளைவுல ஏதோ ஒரு இடத்துல நார் குறுக்கே அறுபடும். அந்த இடத்துலதான் கால் முறியும். முறியாம இருக்கணும்னா தடிமனா செய்யணும். தடிமனா செஞ்சா கனம், விலை எல்லாம் ஏறும்.

1830 வாக்குல டோனெட் வேற வழி தேடினார். மரத்தை மெல்லிசு மெல்லிசான பட்டைகளா சீவி, கட்டா கட்டி, கொதிக்கிற பசையில வேக வச்சு, சூட்டோட அச்சுல வச்சு வளைச்சார். ஆறினதும் பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, வளைவு அப்படியே நின்னுச்சு. இன்னைக்கு லேமினேஷன்னு சொல்றோமே, அதுதான். ஒரு தடி கட்டையை வளைச்சா உடையும், மெல்லிசா பல பட்டையை வளைச்சா உடையாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல நாம ஃபார்முலாவா எழுதினது. 1836 வாக்குல இந்த முறையில முழு நாற்காலியே செஞ்சுட்டார். 1837ல பசை தயாரிக்கிற ஒரு ஆலையையும் வாங்கிட்டார். சப்ளை செயினைக் கையில வச்சுக்கிறதுன்னு இப்போ மேனேஜ்மென்ட் எலெக்டிவ்ல சொல்லித்தராங்க!

ஆனா தச்சு வேலையில திறமைசாலியா இருக்கிறது வேற, அதை வச்சுப் பிழைக்கிறது வேற. ப்ரஷ்யாவுல காப்புரிமை கேட்டார், கிடைக்கலை. வெளிநாடுகள்ல முயற்சி பண்ணினதும் பணத்தைத்தான் தின்னுச்சு. கடன் ஏறுச்சு.

1841ல பக்கத்து கோப்லென்ஸ் நகரத்துக் கண்காட்சியில தன் சாமான்களை வச்சார். அங்கே அதைப் பார்த்தவர் ஆஸ்திரியாவின் சான்ஸலர் மெட்டர்னிஹ். ஸ்கூல் ஹிஸ்டரி புக்ல நெப்போலியனுக்கு அப்புறம் ஐரோப்பாவை ஆட்டி வச்சவர்னு படிச்சோமே, அதே ஆள்தான். அவர் பிறந்ததே கோப்லென்ஸ்லதான். போப்பார்ட்ல உனக்கு எதிர்காலம் கிடையாது, வியன்னாவுக்கு வான்னு கூப்பிட்டார். 1842ல டோனெட் கிளம்பினார். அந்த ஜூலையில ஆஸ்திரிய அரசு அவருக்கு உரிமை கொடுத்துச்சு: எந்த மரமா இருந்தாலும், எவ்வளவு முறியக்கூடிய மரமா இருந்தாலும், ரசாயன-இயந்திர முறையில வளைக்கிற உரிமை.

அவர் வியன்னாவுல இருந்த நேரத்துல ஊர்ல கடன்காரங்க சொத்தை ஜப்தி பண்ணிட்டாங்க. குடும்பம் இருக்கிறதைக் கட்டிக்கிட்டு வியன்னாவுக்கு வந்து சேர்ந்துச்சு. அவருக்கு அப்போ 46 வயசு. மனைவி, பிள்ளைங்க, அந்நிய ஊர். சொந்தப் பட்டறை வச்சிருந்த மனுஷன் கூலிக்கு வேலை செய்யப் போனார். கார்ல் லைஸ்ட்லர்ங்கிற மரச்சாமான் தயாரிப்பாளருக்காக லீஹ்டென்ஸ்டைன் அரண்மனையில மரத்தரை போடற வேலை. மகன்களும் கூட. அந்தத் தரையோட வளைஞ்சு வளைஞ்சு ஓடற வடிவங்களை இன்னைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுறாங்க. எனக்கு இந்தக் கட்டம்தான் அவர் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடிச்சது. ப்ளேஸ்மென்ட் கிடைக்கலைன்னா எல்லாம் முடிஞ்சதுன்னு 21 வயசுல நாங்க ஹாஸ்டல் மாடியில உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கோம். அவர் 46ல் ஜீரோவிலிருந்து மரத்தரை போட்டுக்கிட்டிருந்தார்.

1849ல மறுபடியும் சொந்தப் பட்டறை, வியன்னாவோட கும்பென்டார்ஃப் பகுதியில. கஃபே டாவும்ங்கிற காபிக் கடைக்கு நாற்காலிகள் செஞ்சு கொடுத்தார். காபிக் கடை சேர்னா என்ன பாடு படும்னு யோசிங்க. நம்ம கேன்டீன் சேரைப் பாருங்க, தெரியும். அந்தப் பாட்டுக்கும் அது தாங்குச்சு. 1851ல லண்டன் பெரிய கண்காட்சியில வெண்கலப் பதக்கம். 1853ல கம்பெனியை அஞ்சு மகன்கள் பேருக்கு மாத்தினார்: டோனெட் சகோதரர்கள். 1855 பாரிஸ் கண்காட்சியில வெள்ளி. வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பிச்சுச்சு.

இங்கதான் சிக்கல். பசை.

அந்தக் காலத்துப் பசைன்னா விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தா இளகிடும். வியன்னா காபிக் கடையில பிரச்சினை இல்ல. கப்பல்ல ஏத்தி, கடல் ஈரத்துல வாரக்கணக்கா மிதந்து, புழுக்கமான ஊர்ல போய் இறங்கினா பட்டை பட்டையா பிரியும். தோல் பதனிடறவரோட மகனுக்குத் தோல் பசையே எமனா வந்தது வேடிக்கைதான். பசையே வேண்டாம்னா ஒரே வழி, பட்டையா சீவாம முழுக் கட்டையையே வளைக்கணும். அதாவது எங்க ஏழு கட்டை கதை.

இப்போ கொஞ்சம் மரத்துக்குள்ள போலாம். இது புரிஞ்சாத்தான் டோனெட் செஞ்சது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

மரத்தை வெளியிலிருந்து பார்த்தா கெட்டி. மைக்ரோஸ்கோப்ல பார்த்தா ஸ்ட்ராக்களைக் கட்டா கட்டி வச்ச மாதிரி இருக்கும். தண்ணி ஏத்தறதுக்கு அகலமான குழாய்கள், தாங்கறதுக்கு ஒடுங்கின நார் செல்கள், எல்லாமே நடுவுல ஓட்டை. எந்த மரமா இருந்தாலும் செல் சுவரோட அடர்த்தி கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.5 கிராம். டோனெட் பயன்படுத்தின பீச் மரத்தோட அடர்த்தி 0.7 அளவுல இருக்கும். வகுத்துப் பாருங்க. பாதிக்கு மேல காலி இடம்!

அந்தச் சுவர்ல செல்லுலோஸ் இழைகள் கம்பி மாதிரி. லிக்னின் அதைப் பிடிச்சு வச்சிருக்கிற சிமென்ட் மாதிரி. காய்ஞ்ச நிலையில லிக்னின் கறார். ஈரத்தோட சேர்த்து 100 டிகிரி பக்கம் சூடாக்கினா இளகிடும். ஈரமும் வேணும், சூடும் வேணும். வெறும் அனல்ல காட்டினா காய்ஞ்சு இன்னும் முறியத்தான் செய்யும். அதனாலதான் நீராவி. பிளாஸ்டிக்குக்கு க்ளாஸ் ட்ரான்ஸிஷன்னு படிக்கிறோமே, அதுதான். டோனெட் காலத்துல அந்த வார்த்தையே கிடையாது. மனுஷன் கையால தெரிஞ்சுக்கிட்டார்.

இளகின மரத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. நீளவாக்குல அமுக்கினா கால்வாசிகூட சுருங்கும். இழுத்தா 2 சதவீதம்கூட நீளாது, கிழிஞ்சிடும். காரணம் அந்தக் காலி இடம்தான். அமுக்கும்போது செல் சுவர் துருத்தி மாதிரி மடிஞ்சு, ஓட்டைக்குள்ள ஒதுங்க இடம் இருக்கு. இழுக்கும்போது விரிய எதுவும் இல்ல, இழை ஏற்கனவே நேராத்தான் இருக்கு.

இப்போ எங்க கட்டைக்கு வாங்க. ஒரு கட்டையை வளைச்சா உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும், நடுவுல நியூட்ரல் ஆக்சிஸ். ரிம்மோட ஆரம் சுமார் 200 மி.மீ., கட்டை 12 மி.மீ. வெளிப்பக்க இழுவை கிட்டத்தட்ட 3 சதவீதம். தாங்கறது 2கூட இல்ல. டப். செகண்ட் இயர்ல இந்தக் கணக்குக்கு ஃபுல் மார்க் வாங்கினவன் நான். கட்டையை ரிம்மில வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்னு தோணலை, பாருங்க.

டோனெட் பேரோட சேர்த்தே சொல்லப்படற தீர்வு: ஒரு இரும்புப் பட்டை. வளையப்போற கட்டையோட வெளிப்பக்கம் அந்தப் பட்டையை ஒட்டி வச்சு, ரெண்டு முனையிலயும் கட்டை நகராதபடி இறுக்கிடுவாங்க. இரும்பு நீளாது, அதுல மாட்டின மரமும் நீள முடியாது. நியூட்ரல் ஆக்சிஸ் நடுவிலிருந்து வெளிப்பக்க ஓரத்துக்கே தள்ளிப்போயிடும். கட்டை முழுக்க அமுங்கல் மட்டும்தான், இழுவையே கிடையாது. 25 மி.மீ. கம்பை 100 மி.மீ. உள் ஆரத்துல அரை வட்டமா வளைச்சா, வெளி வளைவு 393 மி.மீ., உள் வளைவு 314. உள்பக்கம் 20 சதவீதம் சுருங்கணும். அவிச்ச பீச் அதைத் தாங்கும். பாவம் அந்த ஓட்டைகள்தான் நசுங்கி, மடிஞ்சு, சுவரெல்லாம் சுருக்கம் விழுந்து கிடக்கும். நாற்காலியோட வெளிப்பக்கம் பழைய மரம், உள்பக்கம் அதைவிட அடர்த்தியான மரம். ஒரே கம்புல ரெண்டு மெட்டீரியல்!

நியாயமா ஒண்ணு சொல்லணும். மரத்தை அவிச்சு வளைக்கிறதை அவர் கண்டுபிடிக்கலை. வண்டிச்சக்கரம் செய்றவங்களும் படகு கட்டறவங்களும் அதுக்கு முன்னாடியே செஞ்சிருக்காங்க. இங்கிலாந்துல விண்ட்ஸர் நாற்காலிக்கும் வளைச்சிருக்காங்க. ஆனா சின்ன ஆரத்துல, தடிக் கம்பை, ஒண்ணு மாதிரியே ஆயிரம், லட்சம்னு வளைக்கிற முறையா ஆக்கினது அவர்தான். என் பார்வையில அதுதான் இன்ஜினியரிங். ஒரு தடவை வர்றதுக்கு டெமோன்னு பேர்.

1856 ஜூலையில நீராவி அல்லது கொதிக்கிற திரவத்தால வளைச்ச முழு மரத்துக்கான உரிமை 13 வருஷத்துக்குக் கிடைச்சது. அதே சமயத்துல மொராவியாவின் கோரிட்ஷான்ல, இன்னைக்குச் செக் நாடு, ஃபேக்டரி கட்டினாங்க. ஏன் அங்கே? சுத்தி பீச் காடு. அதுவரைக்கும் பெரும்பாலும் விறகுக்குத்தான் போய்க்கிட்டிருந்த மரம். வேலைக்குத் தேர்ந்த தச்சர்கள் வேணும்னு அவசியமில்லை. கிராமத்து ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு வேலையைப் பிரிச்சுக் கொடுத்துப் பழக்கினாங்க. ஒருத்தர் கடைசல், ஒருத்தர் அவிக்கிறது, சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டு பேர் சேர்ந்து அச்சுல வளைக்கிறது. அச்சோடயே சூடான அறையில காய விடறது. பிரம்பு பின்றதும் பாலிஷ் போடறதும் பெரும்பாலும் பெண்கள். சேருக்கு வேண்டிய அச்சு, கருவியைக்கூட அப்பாவும் மகன்களும் தாங்களே வடிவமைச்சாங்க.

1859ல வந்தது நம்பர் 14. பேர்கூட வைக்கலை, நம்பர்தான். பிற்காலத்துல நிலைச்ச வடிவத்துல அதுல ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, ரெண்டு நட். அவ்வளவுதான் சேர்! பிரிச்சு அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டிக்குள்ள 36 சேர் அடங்கும். போய்ச் சேர்ந்த ஊர்ல ஸ்க்ரூ டிரைவர் இருந்தா போதும். ஃப்ளாட்-பேக்னு இன்னைக்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி, ஒரு ஸ்க்ரூ குறையுதுன்னு திட்டறோமே, அந்த வம்சத்தோட மூத்த தாத்தா இவர்தான். பசை இல்லாததால கப்பல் ஈரமும் பயமில்லை. 1860ல ஆடும் நாற்காலி. 1862ல பிஸ்த்ரிட்ஸ்ல இன்னொரு ஃபேக்டரி, அப்புறம் ஹங்கேரியில ஒண்ணு. 1867 பாரிஸ் கண்காட்சியில தங்கம். வெண்கலம், வெள்ளி, தங்கம்னு வரிசையா ஏறியிருக்கார்.

1869ல உரிமைக் காலம் முடிஞ்சுது. உடனே கோன் கம்பெனி மாதிரி போட்டியாளர்கள் அதே முறையில இறங்கிட்டாங்க. அதுல டோனெட் குடும்பம் அழிஞ்சிடலை. 13 வருஷத்துல அச்சு, ஆள், காடு, கடைன்னு எல்லாம் தயாரா இருந்தது. 1871 மார்ச் 3ல வியன்னாவுல அவர் இறந்தார். 1930க்குள்ள நம்பர் 14 மட்டும் சுமார் 5 கோடி வித்திருக்குன்னு கணக்கு. 1925ல லெ கொர்புஸியே பாரிஸ் கண்காட்சியில தன் நவீன வீட்டுக்குள்ள போட்டதும் டோனெட் சேர்தான். சண்டிகரை வடிவமைச்ச அதே ஆர்க்கிடெக்ட்.

அவர் தொட்ட விஷயம் இன்னும் ஆராய்ச்சியில ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவர் நீளவாக்குல அமுக்கினார். இப்போ குறுக்கே அமுக்கறாங்க. 2018ல மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு மரத்தை காஸ்டிக் சோடா, சோடியம் சல்ஃபைட் கரைசல்ல வேக வச்சு, லிக்னின்ல ஒரு பங்கை எடுத்துட்டு, சூட்டோட அழுத்தினாங்க. ஓட்டையெல்லாம் மூடி, தடிமன் ஐந்துல ஒரு பங்கா ஆயிடுச்சு. பலம் பத்து மடங்குக்கு மேல. அடிப்படைக் கேள்வி அதேதான்: மரத்துக்குள்ள இருக்கிற காலி இடத்தை என்ன பண்றது?

சரி, எங்க கட்டை என்னாச்சு? கேம்பஸ்ல காத்துல விழுந்த ஒரு வேப்பமரத்தோட பச்சைக் கிளையை அறுத்து வாங்கினோம். பார்சல் பெட்டி கட்டற இரும்புப் பட்டையை வெளிப்பக்கம் வச்சு, ரெண்டு முனையிலயும் ஆங்கிள் கட்டையால இறுக்கி, மறுபடி அவிச்சு வளைச்சோம். சத்தமே வரலை. கையில சூடு பட்டுக் கத்தினது மட்டும்தான். அரை வட்டம். ரெண்டு வாரம் ரிம்மோடயே காய வச்சோம். ஒரு துண்டை அறுத்து மெட்டலர்ஜி லேப் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்த்தப்போ, உள்பக்கச் சுவர்ல அந்தச் சுருக்கங்கள் நிஜமாவே தெரிஞ்சுது. ஃபோன்ல படம் எடுத்து வீட்டு க்ரூப்புக்கு அனுப்பினேன். அம்மா தம்ப்ஸ் அப் போட்டாங்க.

மிச்சத் துண்டை ஜன்னல் திண்டுல வச்சுட்டு லீவுக்குப் போயிட்டேன். நவம்பர் மழை. திரும்பி வந்து பார்த்தா வளைவு கொஞ்சம் விரிஞ்சிருந்தது. மடிஞ்ச சுவர்கள் தண்ணி குடிச்சு, பழைய வடிவம் ஞாபகம் வந்து நிமிரப் பார்க்குது. இதை நிறுத்த 180, 200 டிகிரி நீராவியில கொஞ்ச நேரம் வைக்கணும்னு படிச்சேன். டோனெட்டுக்கு அது தேவைப்படலை; அவர் கம்பை ஸ்க்ரூ போட்டு சேரோட பூட்டிட்டார், விரிய வழியே இல்ல. எங்ககிட்ட இருக்கிறது இட்லி குண்டான், 100 டிகிரிக்கு மேல போகாது. ரெவ்யூ அடுத்த வாரம். ப்ரெஷர் குக்கர்ல வேப்பங்கட்டை வைக்க மெஸ் மாஸ்டர் சம்மதிப்பாரான்னு கேட்கணும்.